கல்லீரல் வேலையை பாக்டீரியாவிடம் கொடுத்த கதை

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் "அறிவியல் வரலாறு ஒண்ணு பண்ணுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. இந்த வாரம் அதுதான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்க. தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் போடுற அலெக்ரா அட்டை ஒண்ணு கண்டிப்பா இருக்கும். உள்ளே இருக்கிற மருந்தோட பேர் ஃபெக்ஸோஃபெனடின். இந்த மருந்தை முதல்ல "தயாரிச்சது" எந்த மருந்து கம்பெனியும் இல்லை, மனுஷனோட கல்லீரல். வேற ஒரு மாத்திரையை முழுங்கினவங்க உடம்புக்குள்ள உருவான பொருள் இது. அந்த வேற மாத்திரையால சிலர் செத்தும் போனாங்க. அந்தக் கதைக்கு வர்றேன், அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால போகணும்.

நாம முழுங்குற மருந்து ஒண்ணு, உடம்புக்குள்ள வேலை செய்யுற மருந்து இன்னொண்ணு. இது எப்பவும் நடக்காது, ஆனா நிறைய தடவை நடக்கும். இதுக்குப் பழைய உதாரணம் ப்ரோன்டோசில். ஜெர்மனியில் பேயர் ஆய்வகத்தில் கெர்ஹார்ட் டோமாக் 1932-ல் சோதித்துப் பார்த்து, 1935-ல் வெளியிட்ட ஒரு சிவப்புச் சாயம். பாக்டீரியா தொற்று வந்த எலிக்குக் கொடுத்தா எலி பிழைக்குது. அதே சாயத்தைக் கண்ணாடிக் குழாயில் பாக்டீரியா மேல ஊத்தினா ஒண்ணுமே ஆகலை. குழம்பித்தானே போவோம்? அதே 1935-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஜாக் ட்ரெஃபுவேல், தெரேஸ் ட்ரெஃபுவேல், ஃபெடரிகோ நிட்டி, டேனியல் போவே ஆகியோர் விடையைப் பிடித்தார்கள். உடம்பு அந்தச் சாயத்தை இரண்டாக உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஒன்றான சல்ஃபனிலமைடுதான் உண்மையான மருந்து, சிவப்பு நிறம் சும்மா கூட வந்த பயணி. இன்னொரு விஷயம், அந்த உடைக்கிற வேலையைப் பெரும்பாலும் செய்வது நம்ம குடலில் வாழுற பாக்டீரியா. இதை மனசுல வெச்சுக்கோங்க.

அடுத்து 1948. நியூயார்க்கில் பெர்னார்ட் ப்ரோடியும் ஜூலியஸ் ஆக்ஸல்ராடும் அசிட்டனிலைடு என்ற பழைய காய்ச்சல் மருந்து உடம்புக்குள் என்ன ஆகிறது என்று துரத்திப் பார்த்தார்கள். அது பெருமளவு இன்னொரு பொருளாக மாறுது, வலியைக் குறைப்பது அந்தப் பொருள்தான் என்று காட்டினார்கள். அதோட பேர் பாராசிட்டமால். ஆமா, அதே பாராசிட்டமால்தான்.

இப்படி மருந்து மாறி உருவாகிற பொருளை ஆங்கிலத்தில் மெட்டபொலைட் என்பார்கள். நான் "வளர்சிதைப் பொருள்"னு சொல்லி உங்களைத் தூங்க வைக்கப் போறதில்லை, மெட்டபொலைட்னே சொல்றேன்.

சரி, இந்த மாத்துற வேலையை யார் செய்யுறாங்க? 1950களின் நடுவில் ஆக்ஸல்ராட் முயல் கல்லீரலை அரைத்துப் பார்த்து, அதில் நுண்ணிய சவ்வுத் துணுக்குகளில் ஏதோ ஒரு என்சைம் இருக்கிறது, அதற்கு ஆக்சிஜனும் என்ஏடிபிஹெச் என்கிற எரிபொருள் மூலக்கூறும் வேண்டும் என்று கண்டார். ஆனால் என்சைம் எது என்று தெரியவில்லை. 1958-ல் மார்ட்டின் க்ளிங்கன்பெர்க்கும் டேவிட் கார்ஃபிங்கலும் தனித்தனியாக ஒரு விநோதத்தைப் பதிவு செய்தார்கள். கல்லீரல் சவ்வில் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தினால் 450 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளி பலமாக உறிஞ்சப்படுகிறது. ஏன்னு யாருக்கும் புரியலை. ஜப்பானின் ஒசாகாவில் சுனியோ ஓமுராவும் ரியோ சாட்டோவும் 1962-ல் தொடங்கி 1964-ல் விரிவாக எழுதிய கட்டுரைகளில், இது ரத்தத்தின் ஹீமோகுளோபின் போல இரும்பு கொண்ட ஒரு புரதம் என்று நிரூபித்தார்கள். "450-ல் உச்சம் காட்டும் நிறமி" என்பதால் பி450 என்று தற்காலிகப் பேர் வைத்தார்கள். தற்காலிகமா வெச்ச வேரியபிள் பேர் கடைசி வரைக்கும் கோடுல தங்கிடும் இல்லையா, அதே கதை. இன்னைக்கும் பி450தான். 1963-ல் ரொனால்ட் எஸ்டாப்ரூக் குழு, ஹார்மோனை மாற்றுகிற வேலையைச் செய்வது இந்தப் புரதமே என்று ஒளியை வைத்து நிரூபித்தது. கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்டு வேலையை நிறுத்திவிட்ட என்சைம் மேல் பல நிற ஒளியை அடித்துப் பார்த்தார்கள். 450-ஐ ஒட்டிய ஒளியில்தான் அது சிறப்பாக விடுபட்டு மறுபடி வேலை செய்தது.

பி450 செய்யும் வேலை கேட்க எளிது. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் ஓர் அணுவை எடுத்து மருந்தின் மேல் ஒட்டும், இன்னொரு அணுவைத் தண்ணீராக்கும். அதனால் எண்ணெய்ப் பசையுள்ள மருந்து கொஞ்சம் தண்ணீரில் கரையக்கூடியதாக மாறி, சிறுநீரகம் வழியா வெளியே போக வழி கிடைக்கும். ஆனா ஒரு வேதியியலாளரைக் கூப்பிட்டு, "இந்தப் பெரிய மூலக்கூறில், இந்த மூலையில் இருக்கும், வேற எதோடயும் வினைபுரியாத கார்பன் மேல மட்டும் ஒரு ஆக்சிஜன் ஒட்டிக் கொடு, பக்கத்துல இருக்கிறதைத் தொடாதே"ன்னு கேட்டுப் பாருங்க. அவர் பல மாசம் கேட்பார். கல்லீரல் அதை நொடிகளில் செய்யும்.

மனிதருக்கு பி450 ஒன்று இல்லை. மரபணுக்கள் 57 இருக்கின்றன. மருந்து விஷயத்தில் முக்கியமானவை ஒரு கைப்பிடி. அவற்றில் அதிக மருந்துகளைக் கையாள்வது சிப்-3ஏ4. எனக்குப் பிடித்தது சிப்-2டி6. அது ஆளுக்கு ஆள் மாறும் என்பது தெரிய வந்த விதம் அப்படி. 1975-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர், டெப்ரிசோகுவின் என்ற ரத்த அழுத்த மருந்தை ஒரு சோதனைக்காகத் தானே முழுங்கினார். சக ஊழியர்களும் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்மித்துக்கு மட்டும் ரத்த அழுத்தம் 70/50-க்கு இறங்கி நிற்க முடியாமல் போனது. அவர் சிறுநீரில் மெட்டபொலைட் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவர் கல்லீரலில் அந்த என்சைம் வேலை செய்யவில்லை, மருந்து அப்படியே உடம்பில் தங்கிவிட்டது. 1977-ல் லான்செட் இதழில் அந்தக் குழுவின் கட்டுரை வந்தது. மருந்தோட அளவு எல்லாருக்கும் ஒண்ணுன்னு நினைச்ச காலத்துக்கு விழுந்த அடி அது.

இப்ப அலெக்ராவுக்கு வருவோம். 1985-ல் அமெரிக்கச் சந்தைக்கு செல்டேன் வந்தது. மருந்தின் பெயர் டெர்ஃபெனடின். ஒவ்வாமைக்குப் போடுற மாத்திரை, ஆனா தூக்கம் வராது. அதுவரை இருந்த மாத்திரைகளைப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்டினா தூங்கி விழணும், இதில் அது இல்லை. விற்பனை எகிறியது. 1990 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ சங்க இதழில் ஒரு கட்டுரை. 39 வயதுப் பெண் ஒருவர் டெர்ஃபெனடின் எடுத்துக்கொண்டிருந்தார், கூடவே பூஞ்சைத் தொற்றுக்கு கீட்டோகோனசோலும் எடுத்தார். அவர் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறானது. டார்சாட் என்று மருத்துவர்கள் சொல்வது அதைத்தான். அப்புறம் எரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கோடு சேர்ந்தும் இது போன்ற நிகழ்வுகள் பதிவாயின. சிலர் இறந்தார்கள்.

காரணம் இதுதான். டெர்ஃபெனடினை சாதாரண ஒருத்தர் முழுங்கினா, குடலிலும் கல்லீரலிலும் சிப்-3ஏ4 அதை முதல் சுற்றிலேயே கிட்டத்தட்ட முழுசாக மாற்றிவிடும். ரத்தத்தில் சுற்றுவது மெட்டபொலைட். ஒவ்வாமையை அடக்குறது அந்த மெட்டபொலைட்தான். டெர்ஃபெனடினே ரத்தத்தில் அதிகமா இருந்தா, இதயத் தசையில் பொட்டாசியம் வெளியேறும் ஹெர்க் என்கிற வாசலை அடைத்துவிடும். கீட்டோகோனசோலும் எரித்ரோமைசினும் சிப்-3ஏ4-ஐத் தடுப்பவை. ஆகவே மாத்திரை மாறாமல் அப்படியே இதயத்துக்குப் போனது. 5 வருஷம் லட்சக்கணக்கான பேர் முழுங்கின மாத்திரைக்குள்ள இருந்த ஆபத்தை, ஒரே ஒரு என்சைம் மறைச்சு வெச்சிருந்திருக்கு. (பப்ளிமாஸின் சொந்தக்கார பழமான கிரேப்ஃப்ரூட்டின் சாறும் இதே என்சைமைத் தடுக்கும். அது தனி எபிசோடுக்குரிய கதை.)

அந்த மெட்டபொலைட் இதய வாசலை அடைக்காது என்று 1993-ல் ரேமண்ட் வூஸ்லி குழு காட்டியது. அதுதான் ஃபெக்ஸோஃபெனடின். 1996 ஜூலையில் அனுமதி கிடைத்தது. 1997 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, செல்டேனை விலக்கிக்கொள்ள முன்மொழிந்தது. 1998-ல் அது சந்தையை விட்டுப் போனது. 1990-ல் எச்சரிக்கை, 1998-ல் வெளியேற்றம். இந்த 8 வருஷ இடைவெளி என்னை உறுத்துது. மாற்று மருந்து கையில் வந்தபிறகுதான் பழையதை எடுக்க எல்லாருக்கும் தைரியம் வந்ததுன்னு நான் நினைக்கிறேன்.

இனி முக்கியமான கேள்வி. மெட்டபொலைட் இவ்வளவு முக்கியம்னா, அதை எப்படிக் கையில் பிடிப்பது? மாற்று அறுவைக்குப் பொருந்தாத மனிதக் கல்லீரல்களை வாங்கி, அரைத்து, சவ்வுகளைப் பிரித்து, மருந்தைப் போட்டுக் குலுக்கினால் மைக்ரோகிராம் கணக்கில் கிடைக்கும். கட்டமைப்பைத் தெளிவாகப் பார்க்க என்எம்ஆர் கருவிக்கு மில்லிகிராம் அளவு வேண்டும். விலங்குக்குக் கொடுத்து நச்சுத்தன்மை பார்க்க அதைவிட ரொம்ப அதிகம் வேண்டும். எலிக் கல்லீரல் வேண்டிய அளவு கிடைக்கும், ஆனா எலியோட பி450கள் நம்முடையவை இல்லை. எலி செய்யாததை நாம் செய்வோம், நாம செய்யாததை எலி செய்யும்.

நுண்ணுயிரை வேலைக்கு வைக்கும் யோசனை புதுசு இல்லை. 1952-ல் அமெரிக்காவின் கலமஸூ நகரில் அப்ஜான் நிறுவனத்தின் ட்யூரி பீட்டர்சனும் ஹெர்பர்ட் மர்ரேவும், ரொட்டியில் பூக்கும் ரைசோபஸ் பூஞ்சையை வைத்து புரொஜெஸ்டிரோன் மேல் சரியான இடத்தில் ஓர் ஆக்சிஜனை ஒட்ட வைத்தார்கள். வேதியியல் முறையில் 30-க்கும் அதிகமான படிகள் தேவைப்பட்ட கார்ட்டிசோன் தயாரிப்பு அதனால் சுருங்கியது. ஆனால் பூஞ்சை தன் சொந்த என்சைமை வைத்துத் தனக்கு வசதியான இடத்தில் ஒட்டும். மனிதக் கல்லீரல் ஒட்டும் இடமே வேண்டும் என்றால் மனித என்சைம் வேண்டும். 1978-ல் ஜெனன்டெக், மனித இன்சுலினை ஈ.கோலி பாக்டீரியாவில் உருவாக்கியது, 1982-ல் அது மருந்தாக வந்தது. அப்ப பி450-ஐயும் அப்படியே ஈ.கோலியில் போட்டால் போதுமே?

போதலை. இன்சுலின் சின்ன, கரையக்கூடிய புரதம். பி450 நம்ம செல்லுக்குள்ள ஒரு சவ்வில் வாலை ஊன்றி உட்கார்ந்திருக்கும். அந்த வால் எண்ணெய்ப் பசை. மரபணுவை அப்படியே பாக்டீரியாவில் போட்டால், புரதம் உருவாகவே மாட்டேங்குது, இல்லை சுருண்டு குப்பையாகுது. அதற்கு ஹீம் என்கிற இரும்பு வளையமும் வேண்டும். எலக்ட்ரான் கொடுக்க ரிடக்டேஸ் என்ற துணைப் புரதமும் வேண்டும், அது ஈ.கோலியில் கிடையாது. ஒரு மெஷினுக்கு எழுதின ப்ரோக்ராமை இன்னொரு மெஷினுக்குத் தூக்கிட்டுப் போனா லைப்ரரி இல்லை, டிரைவர் இல்லைன்னு கத்துமே, அதே பிரச்சினை. 1985-ல் ஜப்பானியர்கள் எலியின் பி450 ஒன்றை ஈஸ்ட்டில் ஓட்டிக் காட்டியிருந்தார்கள். ஈஸ்ட்டுக்கு நம்மைப் போலவே உட்சவ்வு உண்டு. பாக்டீரியாவுக்கு அது இல்லை.

1991-ல் டாலஸில் ஹென்றி பார்ன்ஸ், மைக்கேல் ஆர்லோட்டோ, மைக்கேல் வாட்டர்மேன் மூவரும் மாட்டின் 17-ஆல்ஃபா ஹைட்ராக்சிலேஸ் என்ற பி450-ஐ எடுத்து, அதன் தொடக்கத்தை மட்டும் திருத்தினார்கள். புரதத்தின் முதல் சில அமினோ அமிலங்களை, பாக்டீரியாவுக்குப் பிடித்த எழுத்துகளில் மாற்றி எழுதினார்கள். இரண்டாவது கோடான் அலனினுக்கானது, ஜி-சி-டி. மற்றதெல்லாம் மாட்டினுடையதே. புரதம் உருவானது, பாக்டீரியாவின் சவ்விலேயே போய் உட்கார்ந்தது, வேலையும் செய்தது. ஆச்சரியம் என்னன்னா, ரிடக்டேஸைக் கொடுக்காமலேயே முழு பாக்டீரியா புரொஜெஸ்டிரோனை மாற்றியது. ஈ.கோலியிடம் ஏற்கெனவே இருந்த ஃப்ளேவோடாக்சின் என்ற வேறொரு புரதம் எலக்ட்ரானைக் கைமாற்றிக் கொடுக்குது என்று அப்புறம் தெரிந்தது.

எனக்கு இந்தக் கட்டுரை மேல ஒரு தனி மரியாதை. 500-க்கும் மேல அமினோ அமிலம் உள்ள புரதத்தில் ஒரு நுனியைத் தொட்டு மொத்தத்தையும் ஓட வெச்சிருக்காங்க. அதே வருஷம் இன்னொரு குழு வாலை வெட்டியே விட்டு ஈ.கோலியில் ஒரு பி450-ஐ உருவாக்கியது. ரெண்டு வழியும் திறந்ததும் வரிசை கட்டி ஆட்கள் வந்தார்கள். 1993-ல் நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலையில் ஃப்ரெட் கெங்கரிக் ஆய்வகத்தின் எலிசபெத் கில்லம் முதலியோர், மனிதரின் சிப்-3ஏ4-ஐயே ஈ.கோலியில் உருவாக்கினார்கள். அதே வருஷம் அதே ஆய்வகம், கல்லீரல் சவ்வுகளை வைத்து டெர்ஃபெனடினை மாற்றுவது சிப்-3ஏ4தான் என்றும் எழுதியது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஏன் அவசரப்பட்டார்கள் என்று புரியும். கல்லீரல் சவ்வில் பத்து என்சைம் கலந்திருக்கும், எது குற்றவாளின்னு தடுப்பான்களைப் போட்டு ஊகிக்கணும். பாக்டீரியாவில் ஒரே ஒரு மனித என்சைம்தான்.

வளர்க்கும் முறையும் ஒரு சமையல் மாதிரிதான். 37 டிகிரியில் வேகமாக வளர்க்காமல், 30-க்குப் பக்கத்தில் மெதுவாக வளர்க்க வேண்டும், இல்லைன்னா புரதம் கோணலாக மடியும். ஹீம் தயாரிக்க டெல்டா-அமினோலெவுலினிக் அமிலம் சேர்க்க வேண்டும். வேலை நன்றாக நடந்தால் பாக்டீரியாவை மையவிலக்கில் சுற்றி எடுத்த வண்டலே செம்பழுப்பு நிறமாகத் தெரியும். சரியா மடிஞ்சிருக்கான்னு பார்க்க, ஓமுராவும் சாட்டோவும் செய்த அதே கார்பன் மோனாக்சைடு சோதனை. 450-ல் உச்சம் வந்தா சரி, 420-ல் வந்தா புரதம் செத்த கணக்கு.

ஆனா பெரும்பாலான மனித பி450களுக்கு ஃப்ளேவோடாக்சின் போதவில்லை, வேகம் இல்லை. 1996-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரோலண்ட் வுல்ஃப், தாமஸ் ஃப்ரீட்பெர்க் குழு, சிப்-3ஏ4-ஐயும் மனித ரிடக்டேஸையும் ஒரே பாக்டீரியாவில் சேர்த்து ஓட்டியது. 1997-ல் கெங்கரிக் ஆய்வகம், இரண்டு மரபணுக்களையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து எழுதி, பல மனித பி450களுக்கு இதைச் செய்து நேச்சர் பயோடெக்னாலஜியில் வெளியிட்டது. அந்தப் பாக்டீரியாவை ஊட்டக் குழம்பில் வளர்த்து, மருந்தைப் போட்டு, காற்றைச் செலுத்தினால் போதும். விலை அதிகமான என்ஏடிபிஹெச்சை வாங்கி ஊத்த வேண்டியதில்லை. குளுக்கோஸைத் தின்று பாக்டீரியாவே அதைத் தயாரிக்கும்.

எல்லாமே எதிர்பார்த்தபடி நடக்கலை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது: சிப்-2ஏ6 போன்ற சில மனித பி450களை ஈ.கோலியில் வளர்த்தபோது குடுவைத் திரவம் நீலமாக மாறியது. ஈ.கோலி, டிரிப்டோஃபேனை உடைத்து இண்டோல் என்ற பொருளை வெளியிடும். மனித என்சைம் அதன் மேல் ஓர் ஆக்சிஜனை ஒட்டியது. அது காற்றோடு சேர்ந்து இண்டிகோவானது. அவுரி நீலம், நம்ம ஜீன்ஸ் நீலம். கில்லம், கெங்கரிக் ஆகியோர் 1999-ல் இதை எழுதினார்கள். அப்புறம் அந்த நீலத்தையே, எந்த மாற்றியமைத்த என்சைம் வேலை செய்கிறது என்று கண்ணாலேயே பார்த்துப் பொறுக்கப் பயன்படுத்தினார்கள். பக் ஒண்ணு ஃபீச்சர் ஆன கதை.

2000களில் இது மருந்து நிறுவனங்களின் வேலையானது. 2005-ல் ஷெரிங்-பிளவ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் சிப்-3ஏ4, சிப்-2சி9, சிப்-1ஏ2 மூன்றையும் ரிடக்டேஸோடு ஈ.கோலியில் ஓட்டி, தயாரிப்பு அளவில் மெட்டபொலைட்டுகளை எடுப்பதை வெளியிட்டார்கள். சிப்-1ஏ2 செய்கிற உன்னதமான வேலை என்ன தெரியுமா? பழைய வலி மருந்து ஃபெனாசெட்டினை பாராசிட்டமாலாக மாற்றுவது. ப்ரோடியும் ஆக்ஸல்ராடும் மனித சிறுநீரில் துரத்திய அதே பாராசிட்டமால், இப்போது பாக்டீரியாக் குழம்பில்.

2008 பிப்ரவரியில் எஃப்டிஏ ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மனித ரத்தத்தில் ஒரு மெட்டபொலைட், தாய் மருந்தின் அளவில் 10 சதவீதத்துக்கு மேல் இருந்து, சோதனை விலங்குகளில் அந்த அளவு உருவாகாமல் இருந்தால், அதைத் தனியாகப் பாதுகாப்புச் சோதனை செய்ய வேண்டும். பிற்பாடு சர்வதேச வழிகாட்டுதல் அந்த 10 சதவீதத்தை, உடலில் இருக்கும் மருந்து சார்ந்த எல்லாப் பொருளின் மொத்தத்தில் கணக்கிடச் சொன்னது. வரி ஒண்ணுதான், ஆனா அதோட அர்த்தம் இது: விலங்கின் கல்லீரல் செய்யாத பொருளை, நீ கிராம் கணக்கில் கையில் எடுத்துட்டு வா. அந்தக் கிராம்களுக்கான வழிகளில் ஒன்றாக, மனித என்சைமை வைத்திருக்கும் பாக்டீரியா நிற்கிறது.

குறையும் நிறைய. சில மருந்துகள் ஈ.கோலியின் வெளிச்சவ்வைத் தாண்டி உள்ளேயே போகாது. எண்ணெய்ப் பசையான மருந்து தண்ணீரில் கரையாமல் மிதக்கும். பி450 சில தடவை ஒரு மருந்தை மூணு இடத்தில் தொட்டு மூணு பொருளைக் கலந்து கொடுக்கும், பிரிச்செடுப்பது தனி வேலை. மருந்து மேல் சர்க்கரை ஒட்டும் யுஜிடி என்சைம்கள் இன்னும் பிடிவாதமானவை. இதனாலதான் ஈஸ்ட், பூச்சி செல், பூஞ்சை, நேரடி வேதியியல்னு எல்லா வழியையும் ஆய்வகங்கள் பக்கத்துல பக்கத்துல வெச்சிருக்கின்றன.

ராபர்ட் ஸ்மித்தின் உடம்பில் வேலை செய்யாமல் போன சிப்-2டி6 மரபணுவை 1988-ல் ஃப்ராங்க் கொன்சாலஸ் குழு பிரித்தெடுத்தது. இப்போது மனிதர்களிடையே காணப்படும் அதன் வெவ்வேறு வடிவங்களைத் தனித்தனி ஈ.கோலியில் போட்டு, ஒரே மருந்தை எல்லாவற்றிலும் ஊற்றி, எந்த வடிவம் எவ்வளவு மெதுவாக மாற்றுகிறது என்று அளக்கிறார்கள். 1975-ல் ஒரு மனுஷன் மயங்கி விழுந்துதான் இது தெரிய வேண்டியிருந்தது.